கிளி கடிதலும் அணிற்கூண்டும்

2024-ஆம் ஆண்டுக் கோடை விடுமுறையில் ஒருநாள் காலை, கம்பிக் கூண்டில் அடைபட்ட ஓர் அணிலை இருசக்கர வண்டியின் முன்புறம் வைத்துக்கொண்டு ஆழியாற்றங்கரை வரை போனேன். ஆனைமலைப் பக்கம் அண்ணனுக்கு மூன்றரை ஏக்கர் தென்னந்தோப்பு. தென்னைகளுக்கு நடுவே கொக்கோ. அணில் பிடிபட்டது அங்கேதான். "தம்பி, இதக் கொண்டுபோயி ஆத்தங்கரைல உட்டுட்டு வந்துரு. கொல்லவும் மனசு வரல, தோப்புக்குள்ள உடவும் மனசு வரல" என்றார் அண்ணன். எனக்கு உள்ளூர மகிழ்ச்சி. உயிர் ஒன்றைக் காப்பாற்றும் வேலை தற்செயலாகத் தமிழாசிரியன் ஒருவனுக்கு வாய்த்திருக்கிறது என்ற நினைப்பு.

கரையில் கூண்டின் கதவைத் தூக்கினேன். அணில் உடனே வெளியே வரவில்லை. சிறிது நேரம் மூலையில் ஒடுங்கி இருந்துவிட்டு, திடீரென்று பாய்ந்து, எதிரே நின்ற தென்னையில் ஏறி மறைந்தது. அப்போதுதான் அந்தத் தென்னை யாருடையது என்ற எண்ணம் வந்தது. கீழே பார்த்தேன். அங்கும் கொக்கோச் செடிகள். வேலிக்கு அப்பால் வயதான ஒருவர் குனிந்து மட்டை பொறுக்கிக்கொண்டிருந்தார். என்னை அவர் பார்க்கவில்லை. வெறுங்கூண்டைத் துண்டால் மூடிக்கொண்டு திரும்பினேன்.

இதை எழுதத் தூண்டியது அன்றைய வெட்கம்தான். ஆனால் என் வெட்கத்தைப் பற்றி எழுதி ஆவதொன்றுமில்லை. விளைநிலத்துக்கு வரும் பறவையையும் அணிலையும் உழவர்கள் பொறி வைத்துப் பிடிப்பதைப் பற்றி, இலக்கியம் வாசிக்கிற நாம் எவ்வளவு சுலபமாகப் பேசிவிடுகிறோம் என்பதே என் பொருள். நண்பர்கள் கூடுமிடங்களில் இந்தப் பேச்சு வந்தால் முடிவு முன்கூட்டியே தயாராக இருக்கும். சிட்டுக்குருவியைப் பற்றிக் கவிதை எழுதியவர் முதலில் வருந்துவார். இன்னொருவர் பாரதி தன் வீட்டு அரிசியைக் குருவிகளுக்கு இறைத்த கதையைச் சொல்வார். (அந்த அரிசியைக் கடன் வாங்கி வந்தவர் செல்லம்மாள் என்பதை அநேகமாக யாரும் சொல்வதில்லை.) மூன்றாமவர் சீனத்தைக் கொண்டுவருவார்: 1958-இல் எலி, ஈ, கொசுவோடு சிட்டுக்குருவியையும் ஒழிக்கக் கிளம்பினார்கள், குருவி போனதும் பூச்சி பெருகிற்று, 1960-இல் பட்டியலிலிருந்து குருவியை நீக்கி மூட்டைப்பூச்சியைச் சேர்த்தார்கள். எல்லாம் உண்மைதான். ஆனால் என் அண்ணன் மா சேதுங் அல்லர். மூன்றரை ஏக்கர்காரருக்கு ஒரு பேரரசின் பிழையைப் பாடமாகச் சொல்வதில் ஏதோ பொருந்தாமல் இருக்கிறது.

அண்ணனின் கணக்கு வேறு. கொக்கோக் காய் பூவிலிருந்து முற்றி வர ஐந்து முதல் ஆறு மாதம் ஆகும். காயைப் பிளந்தால் முப்பது நாற்பது விதைகள், ஒவ்வொன்றையும் சுற்றி வெண்ணிறமான வழவழத்த சதை. சந்தைக்கு வேண்டியது விதை. அணிலுக்கு வேண்டியது சதை. காயின் நடுப்பகுதியில் வட்டமாகத் துளையிட்டு, சதையைச் சப்பிவிட்டு விதையைக் கீழே போட்டுவிடும். காம்புப் பக்கம் துளை இருந்தால் அது எலியின் வேலை. தோப்பில் இரண்டு நாள் நடந்தால் துளையைப் பார்த்தே ஆளைச் சொல்லிவிடலாம். மரநாயும் வரும். விழுந்த விதைகளில் ஒரு பங்கை அண்ணியும் வேலைக்கு வரும் அம்மாவும் பொறுக்கிக் கழுவி எடுப்பார்கள். முற்றாத காயில் துளை விழுந்தால் எடுக்க ஒன்றுமிருக்காது; அந்தத் துளை வழியாகக் காய் அழுகும். காய்களை மரத்திலேயே பழுக்க விடாமல் முற்றியவுடன் பறித்துவிட்டால் சேதம் பாதியாகக் குறையும் என்று அண்ணனுக்குத் தெரியாமலில்லை. பறிக்க ஆள் கிடைக்கும் நாளில்தானே பறிக்க முடியும்?

அந்த ஆண்டு உலகச் சந்தையில் கொக்கோ விலை டன்னுக்கு 10,000 டாலரைத் தாண்டியது. மேற்கு ஆப்பிரிக்காவில் விளைச்சல் விழுந்ததன் விளைவு. கானாவில் காய்க்காதது ஆனைமலையில் பொன்னாயிற்று. அதுவரை "அதும் ரெண்டு தின்னுட்டுப் போகட்டும்" என்றிருந்த தோப்புக்காரர்கள் பொள்ளாச்சிச் சந்தையில் கம்பிக் கூண்டு வாங்கினார்கள். அடுத்த ஆண்டே விலை சரிந்துவிட்டது என்பது வேறு கதை. விலைக்கும் கருணைக்கும் உள்ள இந்த உறவை நான் இகழ்ச்சியாகச் சொல்லவில்லை. எனக்குப் பஞ்சப்படி உயர்ந்தால் நானும் உண்டியலில் கூடுதலாகப் போடுகிறவன்தான்.

"உனக்கு மாசம் பொறந்தாச் சம்பளம் வருது. நான் அணிலுக்குச் சம்பளம் குடுக்கறேன். அவ்வளவுதான் வித்தியாசம்" என்றார் அண்ணன் அன்று மாலை. இராமர் தடவிய முதுகாயிற்றே அண்ணா என்று கேலியாகச் சொன்னேன். "அவரு பாலங் கட்டறதுக்குத்தான் அது மண்ணு சொமந்துச்சு. எனக்கென்ன சொமந்துச்சு?" என்றார். இந்தக் கதை வான்மீகத்தில் கிடையாது. நம் பக்கத்தில் தொண்டரடிப்பொடியாழ்வாரின் திருமாலையில் அணில் வருகிறது. தென்னாட்டு அணிலுக்கு முதுகில் மூன்று கோடு, வடநாட்டு அணிலுக்கு ஐந்து. வடக்கே ஐந்து விரலாலும் தடவினார் போலும்.

பிடிப்பதற்கும் விரட்டுவதற்கும் இடையிலுள்ள தூரத்தைப் பற்றி நம் பழைய இலக்கியம் நிறையவே அறிந்து வைத்திருக்கிறது. வகுப்பில் குறிஞ்சித் திணையை நடத்தும்போதெல்லாம் எனக்கு ஒன்று தோன்றும். குறிஞ்சிக் காதலுக்குக் கிளியைப் போல் உதவிய உயிர் வேறில்லை. தினை முற்றும், கிளி வரும், கிளியை ஓட்டப் பெண்ணைப் புனத்துக்கு அனுப்புவார்கள், அவள் பரண் மேல் இருப்பாள், அவன் வருவான். வள்ளி கதையும் இதுதான். கபிலரின் குறிஞ்சிப்பாட்டு தழல், தட்டை, குளிர் என்று கிளி ஓட்டும் கருவிகளையே வரிசைப்படுத்துகிறது. கவண் இருக்கிறது, கல் இருக்கிறது. ஆனால் புனத்துப் பெண்ணின் வேலை கிளியைக் கொல்வதன்று. கடிதல் என்றால் ஓட்டுதல். நாள் முழுதும் உட்கார்ந்து ஓசையெழுப்பி ஓட்டிக்கொண்டே இருக்க வேண்டும். வயது வந்த ஒரு பெண்ணின் நாட்களைக் கூலியின்றி எடுத்துக்கொண்ட ஏற்பாடு அது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். நாம் அதன் அழகை மட்டும் வாங்கிக்கொண்டோம்.

அதே இலக்கியத்தில் பொறியும் இருக்கிறது. பெருங்கல்லைச் சாய்த்து நிறுத்தி, கீழே நுழையும் விலங்கின் மேல் விழச் செய்யும் அடார் என்னும் கற்பொறி. நற்றிணையில் உக்கிரப்பெருவழுதியின் பாட்டில் (98) தினைப்புனத்துக்கு வரும் பன்றி, பல்லி ஒலிப்பதைக் கேட்டு, தீய நிமித்தம் என்று அஞ்சித் தன் முழைஞ்சுக்கே திரும்பிவிடுகிறது. பெருங்குன்றூர்கிழாரின் பாட்டில் (119) நடப்பது வேறு. தினை தின்னும் பன்றிக்காகப் புனத்துக்காரன் வைத்த பொறியில் புலி மாட்டுகிறது. இந்த இடத்தைப் பல ஆண்டுகள் குறிஞ்சி நிலத்தின் வளம் என்றும் உள்ளுறை என்றும் விளக்கிவிட்டு நகர்ந்திருக்கிறேன். அண்ணன் தோப்புக்குப் பிறகுதான் அதைச் சொல்லுக்குச் சொல் செய்தியாகப் படித்தேன். எதற்கு வைத்தோமோ அது பொறியில் விழும் என்பதற்கு உறுதியில்லை. ஈராயிரம் ஆண்டுக்கு முன்பே தெரிந்த விஷயம்.

அண்ணனின் கூண்டில் முதல் வாரம் விழுந்தவை இரண்டு அணில், ஒரு மைனா, ஒரு வால் காக்கை. தேங்காய்ச் சில்லுக்கும் கடலைக்கும் அணில் மட்டுமா ஆசைப்படும்? மைனா பூச்சி தின்னும் பறவை, தோப்புக்கு வேலைக்காரன். நல்ல வேளையாக உயிரோடு இருந்தது. இரண்டாவது அணிலுக்கு மடி கனத்திருந்தது. எங்கோ ஒரு மட்டை இடுக்கில் குட்டிகள் கிடந்திருக்கும். அண்ணன் அதை ஒன்றும் பேசாமல் தோப்பிலேயே திறந்துவிட்டார். நான் ஆற்றங்கரைக்குக் கொண்டுபோன முதல் அணிலின் வயிற்றுப்புறத்தை இருவரும் பார்க்கவில்லை.

கம்பிக் கூண்டு இருப்பவற்றுள் மிக நல்ல பொறி. உள்ளே விழுந்தது உயிரோடு இருக்கும். தவறு நேர்ந்தால் திருத்தலாம். தோட்டங்களில் இன்று பரவியிருப்பவை வேறு வகை. மலிவான நைலான் வலை. கொய்யாவுக்கும் மக்காச்சோளத்துக்கும் கிளி வராமலிருக்கப் போர்த்துவது. போர்த்திவிட்டுப் போய்விடுவார்கள்; கிளி கிழித்த இடத்தில் தொங்கிக்கொண்டிருக்கும். பக்கத்துக் காட்டில் அப்படித் தொங்கிய வலையில் ஒரு கூகை சிக்கியிருந்ததைப் பார்த்தேன். இரவு முழுதும் அடித்துக்கொண்டு சிறகின் எலும்பு வெளியே தெரிந்தது. அதே காட்டின் மறுகோடியில் எலி பிடிக்க ஆந்தை வந்து உட்காரட்டும் என்று வேளாண் துறையின் அறிவுரைப்படி குச்சித் தாங்கிகள் நட்டிருந்தார்கள். அழைத்துவைத்து அடிப்பது என்று ஊரில் சொல்வார்கள்.

பசைப் பலகை இன்னும் மோசம். எலிக்காக விற்கப்படுவதை மரக்கிளையில் கட்டுகிறார்கள். ஆலம்பாலைக் காய்ச்சிப் பசையெடுத்துக் குருவி பிடிப்பது பழைய வழக்கம்தானே என்று ஒரு நண்பர் வாதிட்டார். பழைய பசைக்காரன் மரத்தடியிலேயே நின்றான். ஒட்டியதை உடனே எடுத்தான். இப்போது கடையில் வாங்கிய பலகை தானாக வேலை செய்கிறது. அணிலும் ஓணானும் தோல் உரிந்து இரண்டு நாள் உயிரோடு கிடக்கும். நஞ்சு தடவிய தானியத்தைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். மயில்கள் கூட்டமாகச் செத்துக் கிடந்த படங்களை நாளிதழ்களில் பார்த்திருக்கிறோம்.

என் கருத்தை இந்த இடத்தில் சொல்லிவிடுகிறேன். பொறி வைப்பது பாவம் என்று நான் நினைக்கவில்லை. பயிரைக் காப்பது உழவனின் உரிமை. உண்கிற நாம் அதில் பங்காளிகள். ஆள் இல்லாத பொறியோடுதான் என் வழக்கு. பொறி என்பதே ஆளுக்குப் பதிலாக நிற்பது என்று நீங்கள் கேட்கலாம். இல்லை என்று எனக்குக் காட்டியவன் என் மாணவன் ஒருவன்.

புறநானூற்றில் வீரை வெளியனாரின் பாட்டு ஒன்று (320). முஞ்ஞையும் முசுண்டையும் பின்னிப் படர்ந்த முற்றத்து நிழலில் யானை வேட்டுவன் உறங்குகிறான். பார்வையாகக் கட்டிவைத்த பெண்மானோடு காட்டுக் கலைமான் ஒன்று வந்து கூடி விளையாடுகிறது. வேட்டுவனின் மனைவி பார்க்கிறாள். அசைந்தால் கணவன் விழிப்பான், மான்கள் பிரியும். அதனால் அவள் நடமாடாமல் நிற்கிறாள். அந்த நேரத்தில் மான்தோலில் உலர்த்திய தினையைக் காட்டுக்கோழியும் இதலும் வந்து தின்கின்றன. தமிழில் இதைவிடக் கனிவான காட்சி அரிது என்று நான் ஆண்டுதோறும் வகுப்பில் சொல்வேன். தன் உணவு போவதைப் பார்த்துக்கொண்டே ஓட்டாமல் நிற்கிற பெண்! இங்கே நிறுத்தி, ஒரு கணம் மௌனம் காத்து, நேரமாகிவிட்டது என்று புத்தகத்தை மூடுவது என் வழக்கம்.

சில ஆண்டுகளுக்கு முன் அப்படி மூடியபோது கடைசி வரிசையிலிருந்து ஒரு மாணவன் எழுந்து, "அதுக்கப்புறம் அந்தக் கோழி என்னாச்சுங்கய்யா?" என்று கேட்டான். வகுப்பு சிரித்தது. எனக்குக் கோபம்தான் வந்தது. ஏனென்றால் அதற்கப்புறம் பாட்டில் இறைச்சி மணக்கிறது. சந்தன விறகின் நெருப்பில் சுட்டு, சுற்றத்தோடு கூடி உண்கிறார்கள். பாட்டு முழுவதும் பாடத்திட்டத்தில் இருக்கிறது. நான்தான் பாதியில் நிறுத்துகிறேன். வேட்டுவச்சியின் கனிவு எனக்கு வேண்டும், அவளுடைய அடுப்பு வேண்டாம்.

அந்த மாணவன் குருவிக்காரர் சமூகத்தைச் சேர்ந்தவன். நரிக்குறவர் என்று அரசுத் தாள்களில் சேர்த்து எழுதப்படுபவர்கள். வீட்டில் வாக்ரிபோலி பேசுகிறவர்கள். குற்றாலக் குறவஞ்சியில் கண்ணி வைத்துப் பறவை பிடிக்கிற சிங்கனைப் படித்துவிட்டு இவர்களையும் அந்தக் குறவரையும் ஒன்றாக்கிப் பேசுவது நம் தமிழாசிரியர்களின் வெகுநாள் பிழை. ஆனால் திரிகூடராசப்பக் கவிராயரின் அந்தப் பகுதியில் கவனிக்கத் தக்கது ஒன்றுண்டு. சிங்கன் நுவனைக் கூட்டிக்கொண்டு கண்ணியோடு போவது காட்டுக்கு அன்று. பறவைகள் மேயும் வயல்களுக்கு. வேட்டைக்காரனுக்கு வேளாண் நிலத்துக்குள் ஓர் இடம் இருந்தது.

மாணவன் பிறகு ஒருநாள் துறை அறைக்கு வந்து சொன்னது: "எங்க தாத்தாவ அறுப்புக்கு முன்னாடி கவுண்டமாருக ஆளனுப்பிக் கூப்புடுவாங்களாங்கய்யா. சோளக்காட்டுல காடை, கௌதாரி புடிக்க. புடிச்சது அவருக்கு, படிக்கணக்குல சோளமும் குடுப்பாங்க." கௌதாரிக்குக் கௌதாரியையே பழக்கிக் கூண்டில் வைத்துக் கத்தவிடுவார்களாம். சங்கப் பாட்டில் பெண்மான் செய்த வேலை. பார்வை என்ற சொல்லுக்கு இப்படி ஒரு பொருள் இருப்பதை அகராதியில் படித்தவன் நான். வீட்டில் பார்த்தவன் அவன். அவன் சொன்னவற்றில் எனக்குள் தங்கிவிட்டது வேறொன்று: "கண்ணி வெச்சா அங்கயே உக்காந்திருப்பாருங்கய்யா. முட்டைக்கு இருக்கற குருவியா இருந்தா அவுத்து உட்ருவாரு. அடுத்த வருசம் வேணுமுல்ல?"

இதைக் கேட்டு நான் உருகிவிடக் கூடாது என்று எனக்கே எச்சரிக்கை செய்துகொண்டேன். தாத்தாக்கள் எல்லாரும் நினைவில் நல்லவர்களே. வேண்டிய அளவுக்கு மேல் பிடித்து நகரத்துச் சந்தையில் விற்றவர்களும் இருந்திருப்பார்கள். ஆனால் பொறியருகே உட்கார்ந்திருப்பது என்ற அந்தச் செயலில் கருணை பாதி, தொழிலறிவு பாதி. எது விழுந்தது என்று அறிந்தவன், எதை விடுவது என்றும் அறிவான். அந்த அறிவை 1972-ஆம் ஆண்டின் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டம் குற்றமாக்கியது. அதற்கான காரணங்கள் வலுவானவை; அதை நான் மறுக்கவில்லை. வேட்டை என்ற சொல்லுக்குச் சட்டம் தரும் பொருளில் கொல்லுதல் மட்டுமன்று, நஞ்சிடுதல், பிடித்தல், கண்ணியும் பொறியும் வைத்தல், முட்டையையும் கூட்டையும் சிதைத்தல் எல்லாம் அடங்கும். காகத்தையும் எலியையும் பழந்தின்னி வௌவாலையும் தீங்குயிர்கள் என்று ஒதுக்கி வைத்திருந்த ஐந்தாம் அட்டவணையும் 2022-ஆம் ஆண்டுத் திருத்தத்தில் நீங்கிவிட்டது. மயில் முதல் அட்டவணையில் இருக்கிறது; 1963 முதல் தேசியப் பறவை. அதைக் கொன்றால் மூன்று முதல் ஏழாண்டு வரை சிறை.

சட்டம் தடுத்தபின் குருவிக்காரர்கள் பாசிமணிக்கும் ஊசிக்கும் திரும்பினார்கள். பழங்குடிப் பட்டியலில் சேர்க்கும் சட்டம் 2022 டிசம்பரில்தான் நாடாளுமன்றத்தில் நிறைவேறியது. இடையே ஐம்பது ஆண்டுகள். உழவர்கள் நைலானுக்குத் திரும்பினார்கள். பிடிக்கத் தெரிந்தவன் போய், தெரியாதவன் கையில் வலை வந்தது. பறவைக்கு இதனால் நன்மையா என்று யாரேனும் கணக்குப் பார்த்தால் நல்லது.

பிடிக்காமலே ஓட்டும் வழிகள் இல்லையா என்றால், உண்டு. ஐதராபாத்தில் வேளாண் பறவையியலுக்கென்றே ஆராய்ச்சி நடக்கிறது. ஒருபுறம் சிவப்பும் மறுபுறம் வெள்ளியுமாக மின்னும் நாடாவை வயலின் குறுக்கே கட்டலாம். காற்றில் அது பளபளத்து இரையும். வரப்போரம் சோளத்தை நெருக்கி விதைத்து உள்ளேயிருக்கும் பயிரைக் காக்கலாம். மக்காச்சோளக் கதிரை அதன் இலையாலேயே சுற்றிக் கட்டலாம். அண்ணனும் முன்பு சோளக்காட்டில் ஒலிநாடாக் கட்டியிருக்கிறார். கடைத்தெரு நாடா அன்று. அப்பா சேர்த்து வைத்திருந்த பாட்டு கேசட்டுகளை உருவி. டி.எம்.எஸ். பாட்டு முழுவதும் காற்றில் விர்ரென்று ஒலித்தது. கிளி ஒரு வாரம் அஞ்சிற்று. பிறகு நாடாவுக்குக் கீழே புகுந்து வந்தது. எல்லா உத்திக்கும் ஆயுள் சில நாள். மாற்றி மாற்றிச் செய்ய வேண்டும். மாற்ற ஆள் வேண்டும். மீண்டும் அங்கேயே வந்து நிற்கிறோம். பரண் மேலிருந்த பெண் இப்போது படிக்கப் போயிருக்கிறாள், போகத்தான் வேண்டும். தகரம் தட்டிய சிறுவன் பள்ளியில் இருக்கிறான். அவர்கள் இடத்தில் பொறி உட்கார்ந்திருக்கிறது.

எனவே நான் கேட்பது இரண்டு. ஒன்று, காவலை வேலையாகக் கருதிக் கூலி கொடுப்பது. ஊரக வேலைத் திட்டம் எந்தப் பெயரில் நடந்தாலும், கதிர் பிடிக்கும் பருவத்தில் நாலு காட்டுக்கு ஒரு காவலாள் என்பது வாய்க்கால் தூர்வாருவதை விடக் குறைந்த வேலையன்று. உழவன் தனியாகச் சுமக்கிற செலவு இது. பறவையை நேசிக்கிற எல்லாரும் சுமக்க வேண்டியது. இரண்டு, பிடித்தே ஆகவேண்டிய இடத்தில் யார் பிடிப்பது, எதை, எந்தப் பருவத்தில், பொறியை நாளுக்கு எத்தனை முறை பார்ப்பது என்று ஓர் ஒழுங்கு. அதற்குத் தெரிந்த கைகள் இன்னும் சில ஊர்களில் எஞ்சியிருக்கின்றன. அவற்றைக் குற்றவாளிகளின் கைகளாக மட்டும் பார்க்க நான் தயாரில்லை. ஒழுங்கு என்ற பெயரில் வேட்டை திரும்பிவிடும் என்று சூழலியல் நண்பர்கள் அஞ்சுவார்கள். அந்த அச்சம் பொய்யில்லை. கூண்டு விற்கும் கடையில் வலையும் பசைப்பலகையும் எந்தக் கேள்வியுமின்றி விற்கும்போது, வேட்டை ஏற்கெனவே திரும்பிவிட்டது என்பதே என் பதில்.

இந்த ஆண்டு அந்தப் புறப்பாட்டை முழுவதும் நடத்தினேன். சுட்ட இறைச்சியின் மணம் வரும் வரிகளில் வகுப்பு முன்னெப்போதையும்விட விழித்திருந்தது. மனைவி அசையாமல் நின்ற கணம் அதனால் சிறுத்துவிடவில்லை. உண்ணுகிறவள்தான் ஓட்டாமலும் நின்றாள் என்று தெரிந்தபிறகு அது எனக்கு இன்னும் கடினமான பாட்டாகிவிட்டது.

சென்ற வாரம் அண்ணனிடம் தொலைபேசியில் இதையெல்லாம் சொன்னேன். காலையும் மாலையும் கூண்டைப் பார்ப்பது, குட்டியிடும் மாதங்களில் கதவைக் கட்டி வைப்பது, பசைப்பலகையைத் தொடாமலிருப்பது. பொறுமையாகக் கேட்டார். "செய்யலாந் தம்பி. நல்ல யோசனைதான். நீ லீவுக்கு வந்து ஒரு பத்து நாளு கூண்டுகிட்ட உக்காரு. நானும் பொள்ளாச்சி ஆஸ்பத்திரி வேலைய முடிச்சுட்டு வந்தர்றேன்" என்றார்.

மே மாதம் விடைத்தாள் திருத்தும் பணி இருக்கிறது என்று சொன்னேன்.